ஜப்பானுக்குக் குழுவாகப் போகிறீர்களா? பணம் கட்டும் முன்பிருந்து கடைசி நாள் வரை

“நாள் 4: காலை ஹக்கோனே. பிறகு ஃபுஜி மலை ஐந்தாம் நிலையம். மாலை புல்லட் ரயிலில் கியோட்டோ.”

முதல் தடவை ஜப்பான் போனபோது என் கையில் இருந்த பயணத் திட்டத் தாளில் இப்படி ஒரு வரி. படிக்கும்போதே ஆசையாக இருந்தது. நடந்தது இதுதான்: ஹக்கோனே ஏரியில் அரைமணி நேரப் படகு, பிறகு நெடுநேரம் பஸ், 2,300 மீட்டர் உயரத்தில் கொட்டும் மழை, எங்கு பார்த்தாலும் மேகம், ஒதுங்குவதற்குச் சாவிக்கொத்து விற்கும் கடை. ஃபுஜி மலை மேலேயே நின்றுகொண்டு ஃபுஜியைப் பார்க்காமல் இறங்கினோம். கியோட்டோவில் அறைக் கதவைத் திறக்கும்போது இரவு பத்தேகால்.

யாரும் ஏமாற்றவில்லை. தாளில் இருந்தது ஒவ்வொன்றும் நடந்தது. அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை. குழுவில் போகும்போது நம் கடிகாரத்தைக் கழற்றி இன்னொருவர் கையில் கொடுக்கிறோம், அதற்குப் பணமும் கட்டுகிறோம். கொடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும், கொடுத்த பிறகு எந்த நேரத்தை நமக்கென்று திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பிற்பாடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனபோது கற்றதும் இதில் உண்டு.

முதல் கேள்வி: உங்களுக்குக் குழு தேவையா?

ஜப்பான் தனியாகச் சுற்றுவதற்குச் சுலபமான நாடு. ரயில் சொன்ன நேரத்துக்கு வரும், நிலையங்களில் ஆங்கிலப் பலகை இருக்கும், ராத்திரி பதினொரு மணிக்கும் பயமில்லாமல் தெருவில் நடக்கலாம். நடக்கத் தெம்பும், போன் வரைபடத்தில் பழக்கமும், இரண்டு வாரம் விடுமுறையும் இருந்தால் குழுவே வேண்டாம் என்பேன்.

கூட வருபவருக்கு முழங்கால் வலி, சாப்பாட்டில் கட்டுப்பாடு, 200க்கும் மேற்பட்ட வாசல்கள் உள்ள ஷின்ஜுகு நிலையத்தில் சரியான வாசலைத் தேட உங்களுக்குப் பொறுமையில்லை என்றால் கதை வேறு. இன்னொரு காரணமும் உண்டு. விளக்கிச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் ஜப்பானின் பல இடங்கள் வாய் திறக்காது. கியோட்டோவின் ரியோவான்ஜி கோயிலில் இருப்பது வெள்ளைச் சரளைப் பரப்பும் 15 கற்களும் மட்டுமே. எந்த மூலையில் உட்கார்ந்து எண்ணினாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும்படி அடுக்கியிருக்கிறார்கள். அதைச் சொல்ல ஆளில்லாதவர்கள் ஐந்து நிமிடத்தில் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. விமானம், ஹோட்டல், ஊர்விட்டு ஊர் ரயில் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொண்டு, நிக்கோ, ஃபுஜி, நாரா, ஷிரகாவாகோ போன்ற இடங்களுக்கு மட்டும் உள்ளூரிலேயே ஒருநாள் குழுவில் சேர்ந்துகொள்வது. மூன்றாம் தடவை போனால் நான் இப்படித்தான் போவேன்.

அடுத்து, மாதம்

செர்ரிப் பூவுக்கு டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை. முழுதாகப் பூத்த பிறகு ஒரு வாரம் தாங்கினால் அதிகம். ஒரு மழை, ஒரு காற்று, முடிந்தது. ஆறேழு மாதத்துக்கு முன் தேதி குறிக்கும் குழு அதைச் சரியாகப் பிடிப்பது பாதி அதிர்ஷ்டம். அதனால்தான் இலையுதிர் காலத்தைச் சிபாரிசு செய்கிறேன். கியோட்டோவில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மேப்பிள் இலைகள் சிவந்திருக்கும், நாட்கள் கொஞ்சம் முன்பின் ஆனாலும் ஏதாவது ஒரு மலைச்சரிவு கைவிடாது. வானமும் தெளிவாக இருக்கும்.

தவிர்க்க வேண்டியவை: ஏப்ரல் 29 முதல் மே 5 வரை வரும் ‘கோல்டன் வீக்’ தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை, டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி 3 வரை. ஜப்பானே ஊருக்குக் கிளம்பும் நாட்கள் இவை. ஜூனிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம், ஆகஸ்ட் செப்டம்பரில் புயல். நம் பள்ளி விடுமுறை மே மாதம் என்பதால் பலரும் அப்போதுதான் போகிறார்கள். மே 6க்குப் பிறகு என்றால் தாராளமாகப் போகலாம், இதமான காலம்தான்.

பனிச்சுவர் பார்க்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. தத்தேயாமா குரோபே மலைப்பாதை ஏப்ரல் நடுவில் திறக்கும். 2,450 மீட்டர் உயரத்து முரோதோவில் சாலையின் இருபுறமும் வெட்டி நிறுத்திய பனி, சில வருடங்களில் 20 மீட்டரை நெருங்கும். ரயில், கேபிள் கார், பஸ், ரோப்வே என்று மாறி மாறி ஏறி, 186 மீட்டர் உயர குரோபே அணையைக் கடந்து மறுபக்கம் இறங்க ஒரு முழு நாள் வேண்டும். பெட்டிகளோடு இதைச் செய்வது தனியாளுக்குத் தலைவலி. குழு என்பது தன் கட்டணத்தை நியாயப்படுத்தும் இடம் இது.

தாளைப் படிப்பது எப்படி

இந்தப் படிதான் மிக முக்கியம். பணம் கட்டும் முன் ஒரு பென்சிலோடு உட்காருங்கள்.

முதலில் ஊர்களை விட்டுவிட்டு இரவுகளை எண்ணுங்கள். எட்டு நாளில் எத்தனை ஹோட்டல்? மூன்று என்றால் நல்லது. ஐந்து என்றால், பெட்டி கட்டி, பெட்டி பிரித்து, வரவேற்பறையில் காத்திருப்பதிலேயே ஒன்றரை நாள் போய்விடும். கியோட்டோவில் குறைந்தது மூன்று இரவு இல்லாத திட்டத்தை நான் தொடமாட்டேன்.

அப்புறம் வினைச்சொற்களைப் பாருங்கள். ‘நுழைவுச்சீட்டுடன் பார்வையிடல்’ என்றால் உள்ளே போவீர்கள். வெறும் ‘காணுதல்’ என்றால் வாசலில் நின்று படம் எடுப்பீர்கள். ‘வழியில் காணுதல்’ என்றால் பஸ் ஜன்னல். ‘ஓய்வு நேரம்’ என்பதற்கு இரண்டு பொருள்: நகரத்தின் நடுவில் கிடைத்தால் வரம், ஊருக்கு வெளியே ஒரு பேரங்காடியில் கிடைத்தால் நீங்கள் அங்கே வாங்க வேண்டும் என்று யாரோ ஆசைப்படுகிறார்கள். ‘விருப்பத் தேர்வு’ என்று இருப்பவற்றின் விலையை இப்போதே கேட்டு மொத்தத்தோடு கூட்டிப் பாருங்கள்.

ஹோட்டல் இருக்கும் இடத்தை ‘கியோட்டோ பகுதி’ என்று எழுதியிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். அது பக்கத்து ஊரான ஓட்சுவாகவோ, ஒசாகாவாகவோ இருக்கலாம். பகலில் வித்தியாசம் தெரியாது. மாலை ஆறு மணிக்குக் குழு கலைந்த பிறகு, கியோட்டோவின் பழைய பகுதியான கியோனில், விளக்கு ஏற்றிய தெருவில் நடக்க முடியுமா முடியாதா என்பதை ஹோட்டலின் முகவரிதான் முடிவு செய்கிறது.

குழுவில் எத்தனை பேர் என்பது விலையைவிடப் பெரிய விஷயம். 40 பேர் என்றால் ஒவ்வொரு கழிவறை நிறுத்தமும் 25 நிமிடம். 15 பேர் என்றால் பத்து. ஒரு நாளைக்கு ஐந்து நிறுத்தம் என்று பெருக்கிப் பாருங்கள், ஒரு கோயில் காணாமல் போயிருக்கும்.

வழிகாட்டி யார் என்று கேளுங்கள். நம்மோடு ஊரிலிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர் வேறு, அங்கே சேர்ந்துகொள்ளும் உள்ளூர் வழிகாட்டி வேறு. முன்னவர் அறைச் சாவியும் சாப்பாடும் கவனிப்பார். பின்னவர்தான் கதை சொல்வார். ஜப்பானில் வழிகாட்டிகளுக்கு அரசுத் தேர்வு உண்டு. வரலாறு, நிலவியல், அயல்மொழி எல்லாம் கேட்கும் கடினமான தேர்வு. 2018 முதல் அந்த உரிமம் இல்லாதவர்களும் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டலாம் என்று சட்டம் மாறிவிட்டது. உரிமம் இல்லாத அருமையான வழிகாட்டிகளும் உண்டுதான். ஆனாலும் “உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி எத்தனை நாள் கூட இருப்பார்?” என்று கேட்டால், பதிலிலிருந்தே நிறுவனத்தின் தரம் தெரிந்துவிடும். காதுக்கருவி தருவார்களா என்றும் கேளுங்கள். பல கோயில்களில் ஒலிபெருக்கி பிடித்துப் பேச முடியாது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் பயணம் ரத்தாகுமா, எத்தனை நாளுக்கு முன் சொல்வார்கள்? விசா கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும்? தனி அறைக்கு எவ்வளவு கூடுதல்? எந்தெந்த வேளைச் சாப்பாடு கணக்கில் இல்லை? எல்லாவற்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

விசா, மருந்து, செருப்பு

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். சுற்றுலாவுக்கு மின்விசாவாகவே தருகிறார்கள். அதில் ஒரு சிறு சூட்சுமம்: விமான நிலையத்தில் அதை இணையத்தில் திறந்து நேரலையாகக் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் அச்சுத்தாளும் செல்லாது. போனில் இணையம் வேலை செய்கிறதா என்று இறங்கியதும் பாருங்கள். ‘விசிட் ஜப்பான் வெப்’ என்ற அரசு இணையதளத்தில் குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் முன்கூட்டியே விவரம் நிரப்பினால் ஒரு க்யூஆர் குறியீடு கிடைக்கும். அப்பா அம்மாவுக்கும் நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைகள் ஜப்பானில் தடை. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் அப்படி ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம், உறையைப் படித்துப் பாருங்கள். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துப் போவதானால் முன் அனுமதிச் சான்று வேண்டும். இறைச்சிப் பொருள் எதுவும் கூடாது. கறிவேப்பிலை, பழம் போன்ற பச்சைப் பொருள்களில் சிலவற்றுக்குத் தடை உண்டு, மற்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், எடுத்துப் போகாமல் இருப்பதே உத்தமம்.

காலணியை முடிச்சுப் போடாமல் கழற்றி மாட்டும்படி வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவை கழற்றுவீர்கள். குனிந்து லேஸ் கட்டும் ஆளுக்காக மொத்தக் குழுவும் காத்து நிற்கும், அந்த ஆள் நீங்களாக இருக்க வேண்டாம். சாக்ஸில் ஓட்டை இருக்கக் கூடாது. இதையும் அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பி கொண்ட பிளக். போன் சார்ஜர் ஓடும். நம் ஊர்க் கெட்டில் வெந்நீர் போட ஒரு யுகம் எடுக்கும்.

பெட்டியைத் தனியே அனுப்பிவிடுங்கள்

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. ஹோட்டல் வரவேற்பறையில் கொடுத்தால், சுமார் 2,000 முதல் 3,000 யென்னுக்கு, பெரும்பாலும் மறுநாளே அடுத்த ஹோட்டலில் இருக்கும். கருப்புப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் படம் போட்ட வண்டிகளைத் தெருவெல்லாம் பார்ப்பீர்கள், அந்தச் சேவைதான். நல்ல குழுக்கள் இதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுவார்கள். ஒரு ராத்திரிக்கு வேண்டிய துணியையும் மருந்தையும் மட்டும் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்றால், டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் ஷிங்கான்சென் என்ற புல்லட் ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 சென்டிமீட்டருக்கு மேல் போகும் பெட்டிக்குத் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும்.

ஷிங்கான்சென் ஏறும் காட்சியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் குழுக்கள் பதறுவது அங்கேதான். ரயில் 16 பெட்டி, 400 மீட்டர் நீளம். நடைமேடைத் தரையில் பெட்டி எண்ணும் கதவு எண்ணும் எழுதியிருக்கும். வழிகாட்டி கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லோரையும் இரண்டு வரிசையாக நிறுத்துவார். ரயில் வந்து, கதவு சரியாக அந்தக் கோட்டின் எதிரில் திறக்கும். நடுவழி நிலையங்களில் நிற்பது ஒன்றிரண்டு நிமிடம். எங்கள் குழுவில் ஒரு மாமா, “இதோ ஒரு காபி” என்று தானியங்கிப் பெட்டியை நோக்கி நடந்தார். வழிகாட்டி சத்தம் போடவில்லை. அவர் பின்னாலேயே ஓடிப்போய், இரண்டு கையாலும் அவர் முழங்கையைப் பிடித்து, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டபடியே இழுத்துக்கொண்டு வந்தார். மாமா ஏறினார், கதவு மூடியது. ஜப்பானிய மரியாதையும் ஜப்பானிய ரயிலும் எப்படி ஒன்றாக ஓடுகின்றன என்பதை அன்று பார்த்தேன்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும்போது ‘E’ என்ற எழுத்துள்ள ஜன்னல் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். கிளம்பி முக்கால் மணி நேரம் போல ஆனதும், வானம் தெளிவாக இருந்தால் வலதுபக்கம் ஃபுஜி வரும். 3,776 மீட்டர், 1707இல் கடைசியாக வெடித்தது. மழையில் ஐந்தாம் நிலையம் வரை ஏறியும் கிடைக்காத தரிசனம் எனக்கு இந்த ஜன்னலில்தான் கிடைத்தது. மலையைப் பார்க்க அதன் மேல் ஏறக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. தூரத்திலிருந்து, காலையில், குளிர்காலமானால் இன்னும் நல்லது.

கொடிக்குப் பின்னால் நடக்கும் முறை

‘ஷூகோ’ என்ற சொல்லை முதல் நாளே கற்றுவிடுவீர்கள், ஒன்றுகூடும் நேரம். 9:30 ஷூகோ என்றால் 9:25க்கு எல்லோரும் நிற்க வேண்டும் என்று அர்த்தம். தாமதமாக வருபவரை யாரும் திட்டமாட்டார்கள், வழிகாட்டி சிரித்துக்கொண்டே அடுத்த இடத்திலிருந்து பத்து நிமிடத்தை வெட்டிவிடுவார். ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு இருப்பதால் மாலையில் இழுத்தடித்து ஈடுகட்ட முடியாது.

பாஸ்போர்ட்டை எப்போதும் கையோடு வைத்திருங்கள், வெளிநாட்டவருக்கு அது சட்டம். குப்பைக்கு ஒரு சிறு பை வேண்டும், தெருவில் தொட்டி தேடி அலைய வேண்டியிருக்கும். நகரும் படிக்கட்டில் டோக்கியோவில் இடதுபக்கமும் ஒசாகாவில் வலதுபக்கமும் நிற்கிறார்கள். முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றுவிட்டால் போதும். கியோனில் சில தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கெய்ஷா என்ற பாரம்பரிய ஆடல் பாடல் கலைப் பெண்களைத் துரத்திப் படம் எடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போன வினை.

பஸ்ஸில் நேரம் கிடைக்கும்போது வழிகாட்டியிடம் மொழியைப் பற்றிப் பேசுங்கள். நம்மைப் போலவே அவர்களும் வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கிறார்கள், வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே வாதிட்டார். மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. ஏற்பதும் ஏற்காததும் இருக்கட்டும், எங்கள் வழிகாட்டி அம்மாவிடம் சொல்லுக்குச் சொல் மாற்றிக் காட்டியபோது இருவருக்கும் ஒரே குஷி.

கோயில்களில் நமக்கென்று இருப்பவை

‘ஜிஞ்சா’ என்றால் ஷிண்டோ கோயில், வாசலில் டோரி வளைவு இருக்கும். ‘தேரா’ அல்லது ‘ஜி’ என்று முடிந்தால் பௌத்தக் கோயில். ஜிஞ்சாவில் இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை வணங்குவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும். காணிக்கைக்கு நடுவில் துளை போட்ட 5 யென் நாணயம் ராசியானது. ஐந்து யென்னை அவர்கள் ‘கோ என்’ என்பார்கள், அதே ஒலிக்கு ‘நல்ல பந்தம்’ என்றும் பொருள் வருகிறது.

நாராவின் தோதாய்ஜியில் பெரும்பாலான குழுக்கள் மானுக்கு பிஸ்கட் கொடுத்து, புத்தரோடு படம் எடுத்துக்கொண்டு, 50 நிமிடத்தில் கிளம்பிவிடும். சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர் அவர். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. தென்னிந்தியர் என்கிறது மரபு. 736இல் ஜப்பான் சேர்ந்து அங்கேயே இறந்தார். இதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள், எல்லா வழிகாட்டிகளும் சொல்வதில்லை. மண்டபத்துத் தூண் ஒன்றில் புத்தரின் மூக்குத் துவாரம் அளவு என்று சொல்லப்படும் ஓட்டை இருக்கிறது, குழந்தைகள் புகுந்து வருவார்கள். பெரியவர்கள் முயன்று பார்க்க வேண்டாம்.

கியோட்டோவில் தங்கக் கோயிலான கிங்காகுஜியை எந்தக் குழுவும் விடாது. 1950இல் ஓர் இளந்துறவி தீவைத்து, 1955இல் திரும்பக் கட்டியது. அழகுதான், ஆனால் கூட்டத்தோடு நகர்ந்து இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். தாளில் சஞ்சூசங்கென்தோ இல்லாவிட்டால், அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது ஓய்வு நேரத்தில் நீங்களே போங்கள். 120 மீட்டர் நீள மர மண்டபம். உள்ளே கருணையின் வடிவமான கண்ணோன் என்ற போதிசத்துவருக்கு 1,001 சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன்னால் 28 காவல் தெய்வங்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மூக்கு வளைந்து சிறகு விரித்துப் புல்லாங்குழல் ஊதும் ஒருவர் முன்னால் நின்றுவிட்டார்.

“இது நம்ம கருடாழ்வார் மாதிரி இல்ல?”

பலகையைப் பார்த்தேன். ‘கருரா’ என்றிருந்தது. அதற்கப்புறம் அம்மாவை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. பிரம்மாவும் இந்திரனும் அசுரரும் அங்கேதான் இருக்கிறார்கள், ஜப்பானியப் பெயர்களில். கொடி மண்டபத்தின் மறுகோடிக்குப் போய்விட்டிருந்தது. உள்ளே படம் எடுக்கத் தடை என்பதால் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை, அதுவும் ஒருவகையில் நல்லதுதான்.

டோக்கியோ அசகுசாவில் சென்சோஜி கோயிலில் ஒன்றரை மணி நேரம் விட்டால், கடைத்தெருவில் அரை மணி நேரத்தை மிச்சம் பிடியுங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் மட்சுசியாமா ஷோதென் இருக்கிறது. ஷோதென் வேறு யாரும் இல்லை, நம் பிள்ளையார். சிலையை வெளியில் காட்டமாட்டார்கள். கொழுக்கட்டைக்குப் பதிலாக முள்ளங்கி படைக்கிறார்கள். எல்லோரும் வெள்ளை முள்ளங்கியைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறுவதைப் பார்க்கவே போகலாம்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவம்

ஜப்பானில் சைவர்களின் எதிரி இறைச்சி அல்ல. இறைச்சி கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். ‘தாஷி’ தெரியாது. சூப்பு, நூடுல்ஸ் சாறு, வேகவைத்த காய், டோஃபு மேல் ஊற்றும் குழம்பு, எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்தத் தாஷிதான். பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற உலர்ந்த சூரை மீன் சீவலில் செய்வது. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. “மீன் இல்லை” என்று கடைக்காரர் மனசாட்சியோடுதான் சொல்வார், அவர் கணக்கில் தாஷி மீன் இல்லை.

ஆகவே ‘வெஜிடேரியன்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். இறைச்சி, மீன், முட்டை, தாஷி என்று தனித்தனியாகக் குறிப்பிட்டு, பதிவு செய்யும்போதே கொடுங்கள், ஜப்பானிய மொழியில் ஒரு அட்டையாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவுக்குத் தரும் சாற்றில் தாஷி உண்டு, உப்புத் தொட்டுக்கொள்ளலாம். மீன் பொரித்த எண்ணெயிலேயே காயும் பொரிப்பதை ஏற்க முடியாதவர்கள் அதையும் கேட்க வேண்டும். அவசரத்துக்கு மூலைக்கடைகளில் உமேபோஷி என்ற புளிப்புப் பழம் வைத்த ஓனிகிரி சோற்றுருண்டை கிடைக்கும். உறையின் பின்புறத்தைப் போன் மொழிபெயர்ப்பில் காட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

நம் ஊர் நிறுவனங்கள் பல, தினமும் ராத்திரி இந்திய உணவகத்துக்குக் கூட்டிப் போகும். வயிற்றுக்கு நிம்மதி. ஆனால் உணவகம் இருக்கும் இடத்தைச் சுற்றியே மாலை முடிந்துவிடும். இரண்டு நாளைக்கு ஒரு ராத்திரி என்று கேட்டுப் பாருங்கள். மற்ற நாட்களுக்குப் பருப்புப்பொடி இருக்கிறது, ஜப்பானியச் சோறு அதற்கு நன்றாகவே ஒத்துவரும்.

நிஜமாகவே கவலையில்லாமல் சாப்பிட ஓரிடம் கோயாசான். 816இல் குகாய் என்ற துறவிக்குக் கொடுக்கப்பட்ட மலை, சுமார் 800 மீட்டர் உயரம், 50 கோயில்களில் தங்கலாம். அங்கே பரிமாறுவது ஷோஜின் ரியோரி, துறவிகளின் சமையல். மீன் தாஷி கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. பனியில் உறையவைத்து உலர்த்திய கோயா டோஃபு பஞ்சு மாதிரி சாறு குடித்திருக்கும். விடிகாலை பூஜையில் உட்காரலாம். அதற்குப் பிறகு குழு எழும் முன் ஒக்குனோயின் இடுகாட்டுப் பாதையில் நடந்துவிடுங்கள். தேவதாரு மரங்களுக்கு நடுவே 2 கிலோமீட்டர், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள், பாசி படிந்த கற்களில் சித்தம் என்ற வடிவத்தில் சமஸ்கிருத எழுத்துகள். குகாய் இறக்கவில்லை, தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை, தினமும் இரண்டு வேளை அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறார்கள். எட்டு நாள் திட்டங்களில் கோயாசான் அபூர்வம். இருந்தால் ஆயிரம் ரூபாய் கூட என்றாலும் அதையே எடுங்கள்.

வெந்நீர் ஊற்று

ஓன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியல் உள்ள ரியோகானில், அதாவது ஜப்பானியப் பாணி விடுதியில், ஒரு ராத்திரியாவது இருக்க வேண்டும். ஆண் பெண் தனித்தனி. நீச்சல் உடை கூடாது, எதுவும் கூடாது. நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். வெட்கப்படுபவர்களுக்கு இரண்டு வழி: மணிக்கணக்கில் குடும்பமாக எடுக்கும் தனிக்குளியல், அல்லது எல்லோரும் தூங்கும் விடிகாலை ஐந்தரை மணி. முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் குளித்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். சிறு துண்டு தண்ணீரில் படக் கூடாது, தலைமேல் வைத்துக்கொள்ளலாம். பச்சை குத்தியிருந்தால் முன்பே கேளுங்கள், பல இடங்களில் விடமாட்டார்கள். விடுதியில் தரும் யுகாத்தா என்ற பருத்தி அங்கியை அணியும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது சவத்துக்கு உடுத்தும் முறை. எங்கள் குழுவில் பாதிப்பேர் அன்று மாலை அப்படித்தான் சாப்பிட வந்து உட்கார்ந்திருந்தோம்.

ஹிரோஷிமாவும் மியாஜிமாவும்

இரண்டையும் ஒரே நாளில் வைப்பார்கள், தூரம் அப்படி. வரிசையை மட்டும் கவனியுங்கள். மியாஜிமா தீவில் கடலுக்குள் நிற்கும் சிவப்பு டோரி 1875இல் நிறுவியது, 16 மீட்டர் உயரம், அடியைப் புதைக்காமல் தன் எடையிலேயே நிற்கிறது. நீர் ஏறும்போது மிதப்பது போலத் தெரியும், வற்றும்போது அதன் காலடிக்கே நடந்து போகலாம். அன்று நீர் ஏறி வற்றும் நேரத்தை வழிகாட்டியிடம் முதல் நாள் ராத்திரியே கேட்டுவிடுங்கள்.

ஹிரோஷிமா அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் என்று இருந்தால் போதாது, ஒன்றரை கேளுங்கள். 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15. அந்த நேரத்தில் நின்றுபோன கைக்கடிகாரமும், ஒரு பிள்ளையின் கருகிய சாப்பாட்டு டப்பாவும் உள்ளே இருக்கின்றன. வெளியே வந்ததும் குழுவில் யாரும் பேசவில்லை. அடுத்த நிறுத்தமாகப் பொருள் வாங்கும் இடத்தை வைத்திருந்தார்கள். எங்கள் வழிகாட்டி எதுவும் கேட்காமல் ஆற்றங்கரையில் அரை மணி நேரம் உட்காரவிட்டார். தாளில் இல்லாத அரை மணி.

விடிகாலை உங்களுடையது

குழு எட்டரை மணிக்குக் கிளம்பும். ஜப்பானில் கோடையில் ஐந்து மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம். கியோட்டோவில் ஃபுஷிமி இனாரி இரவு பகலாகத் திறந்தே இருக்கும், கட்டணம் இல்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து ரயிலில் ஐந்து நிமிடம். ஆறு மணிக்குப் போனால் அந்த ஆயிரக்கணக்கான சிவப்பு டோரிகளுக்குள் நீங்களும், நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு முதியவர்களும், காகங்களும்தான். பத்து மணிக்குக் குழுவோடு வருபவர்களுக்கு மனிதத் தலைகள் மட்டும் தெரியும். எட்டு மணிக்குள் திரும்பி வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடலாம். சுயிகா அல்லது இகோகா என்ற முன்பணப் பயண அட்டை ஒன்றில் 2,000 யென் போட்டு வைத்திருந்தால் டிக்கெட் வாங்கும் வேலையும் இல்லை. வழிகாட்டியிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவர் காலையில் தலையை எண்ணுவார்.

கடைசி நாள்

டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம் இல்லை, உணவகத்தில் மேஜைமேல் வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். டூர் மேனேஜருக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்து நம் ஊர் நிறுவனங்கள் வசூலிப்பது தனிக் கணக்கு. அது கட்டணத்தில் உள்ளதா என்று முன்பே கேட்டிருப்பீர்கள். வழிகாட்டிக்கு ஏதாவது தர வேண்டும் என்று தோன்றினால் ஊரிலிருந்து ஒரு இனிப்புப் பெட்டி கொண்டு போங்கள். இரண்டு கையாலும் நீட்டுங்கள். அம்மா அதிரசம் கொடுத்தார். வழிகாட்டி அதை எங்கள் முன்னால் பிரிக்கவில்லை, அங்கே அதுதான் மரியாதையாம். அம்மாவுக்கு மட்டும் அவர் சாப்பிட்டுப் பார்த்தாரா என்பது ஒரு வாரம் வரை பெரிய கவலையாக இருந்தது.